மரபிளக் மட்டம் வரமாட்டேங்குதா? ரோட்டரி டூல்ல வர்ற கோளாறும் அதைச் சரிபண்ற வழியும்

ஸ்க்ரூ தலையை மறைக்க மரபிளக் அடிச்சு, மேல நீட்டிட்டு நிக்கறதை ரோட்டரி டூல் (கையில பிடிச்சு சின்னச் சின்ன பிட்டை வேகமா சுத்தவைக்கற மெஷின்) வெச்சு மட்டம் எடுக்கறவங்களுக்காக இதை எழுதறேன். தொண்டியிலேர்ந்து மூக்கையூர் வரைக்கும் நம்ம கரையோரத்துல இந்த வேலை ரெண்டு வகையில வருது. ஒண்ணு வீட்டு வேலை, கதவு, கட்டில், ஊஞ்சப்பலகைன்னு. இன்னொண்ணு படகு வேலை, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகெல்லாம் மராமத்துக்குக் கரையேறும்போது கேபின் கதவு, உள்பலகை, பெட்டி மூடின்னு எல்லாம் ஒரே நேரத்துல வந்து குவியும், அவசரத்துல செய்வாங்க, கோளாறும் அப்பத்தான் அதிகம் வரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ரோட்டரி டூலை முக்கால்வாசி வேலைக்குத்தான் நம்பணும். நீட்டிட்டு இருக்கறதைக் குறைச்சுக் கொண்டுவர அது நல்ல கருவி, உளி போகாத மூலையில அதை விட்டா வேற வழியே இல்ல, ஆனா மெஷினை வெறுங்கையில பிடிச்சு ஓட்டும்போது கடைசி அரை மில்லிமீட்டரை உளியோ கட்டையில சுத்துன உப்புத்தாளோதான் எடுக்கணும். இதை மனசுல வெச்சுக்கிட்டாலே கீழ இருக்கறதுல பாதி கோளாறு வராது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், கழுத்துல தொங்கற துண்டை எடுத்துட்டு உக்காருங்க, சுத்தற பிட்டு துணி நுனியைப் பிடிச்சா மெஷினையே முகத்துக்கு இழுத்துட்டு வந்துடும்.

உங்களுக்கு எந்தக் கோளாறோ அதை மட்டும் பாத்தாலும் போதும்.

பிளக் மட்டமா இருக்கு, ஆனா அதைச் சுத்தி குழி விழுந்திருக்கு

அதிகமா வர்ற கோளாறு இதுதான். வேலை செய்யும்போது தெரியாது, பாலிஷ் அடிச்சு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஒவ்வொரு பிளக்கையும் சுத்தி ஒரு பள்ளம் அலையடிக்கும். விரல் நுனியால தடவுனா உடனே தெரியும், கண்ணை விட விரலை நம்புங்க.

காரணம் சாண்டிங் டிரம். அது உப்புத்தாள் ஸ்லீவ் (உறை) மாட்டின ரப்பர் உருளை, 13 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும், பலகையில படறது ஒரு கோடு அளவுக்குத்தான். பிளக் மேல அழுத்தி ஓட்டும்போது அது பிளக்கை விட்டு ஓரம் இறங்குன உடனே பலகையைக் கடிக்குது. பிளக் மரம் பலகையை விடக் கெட்டியா இருந்தா இன்னும் மோசம். நம்ம பக்கம் சீமைக்கருவேலம் சும்மா கிடைக்குதேன்னு அதுல பிளக் வெட்டி வேப்பம்பலகையிலயோ தேக்குலயோ அடிக்கறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், செவப்பா ஒரு பொட்டு வெச்ச மாதிரி. ஆனா கருவேலம் தேயறதுக்குள்ள சுத்தி இருக்கற பலகை ரெண்டு மடங்கு தேஞ்சுடும்.

இதுக்கு என்ன செய்யணும்னா, டிரம்மை வெச்சு மட்டம் வரைக்கும் போகவே கூடாது. அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. நிறுத்தற இடம் தெரியறதுக்கு பழைய டின் தகடு ஒண்ணுல பிளக் அளவுக்கு ஓட்டை போட்டு பிளக் மேல மாட்டிடுங்க, தகடு பலகையைக் காக்கும், டிரம் தகட்டுல உரசுனா சத்தம் மாறும், அந்தச் சத்தம்தான் உங்களுக்கு எல்லை. பிளாஸ்டிக் கார்டு வேண்டாம், சூட்டுல இளகி பலகையில ஒட்டிக்கும். அப்புறம் தகட்டை எடுத்துட்டு கூர்மையான உளியோட தட்டைப் பக்கத்தைப் பலகையில படுக்க வெச்சு, கையால தள்ளி, மெல்லிசா சீவி எடுங்க. கொட்டாப்புளி தொடவே கூடாது. கடைசியில 120 நம்பர் உப்புத்தாளை ஒரு நேரான கட்டையில சுத்தி, பிளக்கை மட்டும் தேய்க்காம ஒரு சாண் நீளத்துக்கு ரேகை ஓடற பக்கமாவே தேயுங்க, பிறகு 180.

பத்து இருபது பிளக்குன்னா இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. ரோட்டரி டூலை நிமிர்த்திப் பிடிச்சு பிட்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கற சின்ன பிளஞ்ச் ரூட்டர் பேஸ் தனியா கிடைக்கும். அந்த பேஸோட அடியில ரெண்டு ஓரத்துலயும் 4 மில்லிமீட்டர் பிளைவுட்ல ரெண்டு பட்டை வெட்டி டபுள் சைட் டேப்ல ஒட்டுங்க, ரெண்டும் ஒரே பலகையில வெட்டுனதா இருக்கணும், கனம் துளி மாறக்கூடாது. இப்ப பேஸ் பாலம் மாதிரி நிக்கும், மூணு மில்லிமீட்டர் நீட்டிட்டு இருக்கற பிளக்கும் அடியில புகுந்து வரும். அடி தட்டையா இருக்கற நேர் ரூட்டர் பிட்டு மாட்டி, வேலை செய்யப்போற பலகை மேலயே வெச்சு, பிட்டுக்கு அடியில ஒரு ஏ4 தாளைச் சொருகி, தாள் லேசா பிடிபடற அளவுக்கு பிட்டை இறக்கி ஆழத்தை இறுக்குங்க. தாளோட கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதாவது பலகை மேல பிட்டு படவே படாது, பிளக் மட்டும் ஒரு தாள் உயரத்துக்கு நிக்கும், உப்புத்தாள்ல நாலு இழுப்புல போயிடும். உருண்டை முனை பிட்டு போடாதீங்க, அது பிளக் மேல வாய்க்கால் வெட்டும். பேஸை நகத்துறதும் ஒரு முறையாத்தான் செய்யணும், மேலேர்ந்து பாக்கும்போது பிளக்கைச் சுத்தி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா, வெளியிலேர்ந்து உள்ளே சுருங்கி வாங்க. முள் பக்கமாவே சுத்துனா பிட்டு பிளக்கைப் பிடிச்சு ஓடப் பாக்கும், கை நிக்காது.

ஏற்கெனவே குழி விழுந்துட்டா பிளக்கை மறந்துடுங்க, பலகையைத்தான் சரிபண்ணணும். இழைப்புளி போட்டு அந்தப் பலகை முழுக்க ஒரு சீவல் எடுக்கறதுதான் ஒழுங்கான வழி. குழிக்குள்ள மட்டும் புட்டி போட்டா பாலிஷ்ல திட்டுத்திட்டா காட்டிக்கொடுக்கும்.

கருகுது, புகை வருது

மூணே காரணம்தான்: வேகம் அதிகம், முனை மழுங்கல், ஒரே இடத்துல நிறுத்தறது. இந்த மெஷின்ல நிறைய மாடல் நிமிஷத்துக்கு 30,000 சுத்துக்கு மேல போகும், மரத்துக்கு அவ்வளவு தேவையே இல்ல. ரூட்டர் பிட்டுக்கு டயலைப் பாதிக்கு வைங்க, 15,000-லேர்ந்து 20,000-க்குள்ள இருந்தா போதும், டிரம்முக்கு அதையும் விடக் குறைச்சு. அழுத்தாதீங்க, மெஷினோட எடையே போதும், தொட்டு எடுத்து தொட்டு எடுத்துப் போங்க.

தேக்குல வேலை செய்யறவங்க ஒண்ணு கவனிக்கணும். தேக்குக்குள்ள இயற்கையாவே சிலிக்கா இருக்கு, மணல்ல இருக்கற அதே சரக்கு, அதனால பிட்டும் உப்புத்தாளும் மத்த மரத்தை விடச் சீக்கிரம் மழுங்கும். கூடவே எண்ணெய்ப்பசையும் இருக்கறதால டிரம் மேல தூள் அப்பி கருப்பா பளபளன்னு ஆகிடும், அந்தப் பளபளப்பு வந்துட்டா அது தேய்க்கல, சூடு மட்டும்தான் ஏத்துது. காலணி அடியில போடற கிரேப் ரப்பர் துண்டு ஒண்ணை ஓடற டிரம்ல லேசா காட்டுனா அப்பினது உரிஞ்சு வரும். அதுக்கும் வரலைன்னா ஸ்லீவை மாத்திடுங்க, காசு கம்மிதான்.

கருகின தடம் ஆழமா போகலைன்னா உளியால சுரண்டி எடுத்துடலாம். டிரம்மையே திரும்ப வெச்சு கருகலை எடுக்கப் போனா குழி விழும், முதல் கோளாறுக்கே திரும்பிப் போயிடுவீங்க.

பிளக் மட்டத்துக்குக் கீழ பிஞ்சு வந்துடுச்சு

நீட்டிட்டு இருக்கறதை ஒரே தட்டுல உளியால தட்டிவிடற பழக்கம் சில பேருக்கு இருக்கு. பிளக்குக்குள்ள நார் சரிவா ஓடிச்சுன்னா பிளவு அந்த நார் போற வழிக்கே கீழ இறங்கி, பலகைக்குள்ள பாதி வரைக்கும் பிச்சுட்டு வந்துடும். ரோட்டரி டூல்லயும் பெரிய கடியா ஒரே தடவையில எடுத்தா ஓரம் இப்படித்தான் பேந்து போகும்.

முதல் சீவலை மேல, பாதி உயரத்துல எடுங்க. சீவல் வந்த இடத்தை உத்துப் பாருங்க, வெட்டு கீழ்ப்பக்கமா இறங்கிப் போயிருந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து வரவே கூடாது, எதிர்ப்பக்கத்துலேர்ந்து வாங்க, அப்ப நார் மேல ஏறிப் போகும், பிஞ்சாலும் வேண்டாத பகுதிதான் பியும். ஒவ்வொரு பிளக்குக்கும் இது மாறும், ஒரே குச்சியிலேர்ந்து வெட்டுனதா இருந்தாலும் மாறும், பாக்காம செய்யக்கூடாது. பிளக் அடிக்கும்போதே பலகை ரேகையும் பிளக் ரேகையும் ஒரே பக்கமா ஓடற மாதிரி திருப்பி வெச்சு அடிச்சிருந்தா உளி ரெண்டையும் ஒரே சீவல்ல கொண்டுபோகும். இதுக்கு பிளக் அடிக்கறதுக்கு முன்னாடி அதோட தலையில பென்சில்ல ஒரு கோடு போட்டு வெச்சுக்கங்க, பசை பூசுன பிறகு ரேகை கண்ணுக்குத் தெரியாது.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா பிஞ்சிருந்தா, அந்தச் சில்லு கையில இருந்தா, அதையே பசை தொட்டு ஒட்டி டேப் போட்டு விடுங்க, மறுநாள் உப்புத்தாள் போட்டா தெரியாது. அதுக்கு மேல போயிருந்தா பிளக்கை எடுத்துட்டுப் புதுசா அடிக்கணும், எடுக்கற விதம் கடைசியில இருக்கு.

போகப்போக தானா ஆழமா வெட்டுது

ஆழத்தை இறுக்கித்தான் வெச்சேன், முதல் அஞ்சு பிளக் அருமையா வந்துச்சு, ஆறாவதுல பலகையில வட்டமா கீறிடுச்சுன்னா அது உங்க கை நழுவல, கோலட்லேர்ந்து, அதாவது பிட்டை இறுக்கிப் பிடிக்கற வாயிலேர்ந்து, பிட்டு நழுவுது. பிட்டோட தண்டு 3.2 மில்லிமீட்டர், கோலட்டும் அதே அளவா இருக்கணும், 2.4 கோலட்டும் பாக்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், ஒரே டப்பாவுல கலந்து கிடக்கும். தண்டுல எண்ணெய் இருந்தா துடைங்க. கோலட் வாய்க்குள்ள மரத்தூளும் பசையும் சேந்திருந்தா பழைய பல் பிரஷ்ல தின்னர் தொட்டுக் கழுவுங்க.

நம்ம ஊர்ல இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்காத்து. ரெண்டு வாரம் திறந்து போட்டு வெச்சா கோலட் உள்பக்கமும் பிட்டுத் தண்டும் மெல்லிசா துரு பூக்கும், இறுக்கும்போது துரு மேல இறுகி நல்லா பிடிச்ச மாதிரி இருக்கும், ஓட்டுனா துரு பொடிஞ்சு பிடி விட்டுடும். வேலை முடிஞ்ச உடனே கோலட்டையும் பிட்டையும் கழட்டி மிஷின் ஆயில் தொட்ட துணியால ஒரு துடை துடைச்சு மூடி போட்ட டப்பாவுல வைங்க, மறுபடி மாட்டறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயைக் காய்ஞ்ச துணியால எடுத்துடுங்க.

பிட்டைக் கோலட்டுக்குள்ள முழுக்க அடி தொடற வரைக்கும் சொருகி இறுக்கறதும் தப்பு, சொருகிட்டு ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வெளிய இழுத்து இறுக்குங்க. ஆழம் மாறலைன்னு நிச்சயம் பண்ணிக்க நாலஞ்சு பிளக்குக்கு ஒரு தடவை அந்த ஏ4 தாளைத் திரும்பச் சொருகிப் பாருங்க.

மெஷின் திணறுது, அதிருது, பின்னாடி பொறி வருது

திணறுதுன்னா முதல்ல வயரைப் பழி சொல்வாங்க. ஆனா 130 வாட் மெஷின் 230 வோல்ட்ல ஒரு ஆம்பியர்கூட இழுக்காது, எக்ஸ்டென்ஷன் வயர் நீளமா இருக்கறதால மட்டும் அது திணறாது. படகு வேலை நடக்கற இடத்துல பக்கத்துல வெல்டிங் ஓடுதான்னு பாருங்க, அவங்க ராடைத் தொடும்போதெல்லாம் உங்க மெஷின் சத்தம் இறங்குனா லைன்லதான் வோல்டேஜ் விழுது. கோடை சாயங்காலத்துல ஊருக்குள்ளயும் இப்படி ஆகும். வேகம் குறைஞ்சா உள்ள இருக்கற ஃபேனும் மெதுவாகும், காத்து போகாது, சூடு ஏறும், அந்த நேரத்துல அழுத்தி வேலை வாங்குனா காயில் கருகிடும். காலையில செய்யுங்க, இல்லைன்னா வெல்டிங் நிக்கற வரைக்கும் உளியில செய்யற வேலையைப் பாருங்க.

வோல்டேஜ் சரி, ஆனாலும் விட்டு விட்டு ஓடுது, காத்து ஓட்டை வழியா பாத்தா நீலப்பொறி வளையம் மாதிரி சுத்துதுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு பக்கமும் இருக்கற மூடியைத் திருகி எடுத்துப் பாருங்க, கரித்துண்டு 3 மில்லிமீட்டருக்கும் கீழ போயிருந்தா ரெண்டையும் சேத்தே மாத்தணும். நல்லா இருந்தா எந்தப் பக்கம் எப்படித் திரும்பி இருந்துச்சோ அப்படியே திரும்பப் போடுங்க, அது அந்த வளைவுக்குத் தேஞ்சு பழகியிருக்கும். புதுசு போட்டா வேலை எதுவும் குடுக்காம சும்மா கொஞ்ச நேரம் ஓடவிடுங்க.

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் கிடையாது. பிட்டைக் கழட்டிட்டு வெறுமனே ஓட்டிப் பாருங்க, அதிர்வு இல்லைன்னா பிட்டுத் தண்டு வளைஞ்சிருக்கு, கண்ணாடி மேல உருட்டுனா துள்ளும், தூக்கிப் போடுங்க. சாண்டிங் டிரம்னா தலையில இருக்கற ஸ்க்ரூவை இறுக்குனாத்தான் ரப்பர் உப்பி ஸ்லீவைப் பிடிக்கும், அது தளர்ந்தா ஸ்லீவ் ஒரு பக்கமா ஏறி அதிரும், அப்புறம் பறந்து போகும். பிட்டு இல்லாமலும் அதிருதுன்னா பேரிங், கடைக்குத்தான் கொண்டுபோகணும்.

டிஸ்க் வெச்சு அறுத்தா ரெண்டு மில்லி மிச்சம் நிக்குது

அது அப்படித்தான் நிக்கும். டிஸ்க்கைப் பிடிக்கற மேண்ட்ரலோட ஸ்க்ரூ தலை டிஸ்க்குக்கு அடியில துருத்திட்டு இருக்கு, டிஸ்க்கைப் பலகைக்கு இணையா படுக்க வெச்சா அந்தத் தலைதான் முதல்ல பலகையைத் தொடும். சாய்ச்சுப் பிடிச்சு மிச்சத்தையும் எடுக்கலாம்னு போனா டிஸ்க் ஓரம் பலகையில கோடு கிழிக்கும். மிச்சம் நிக்கட்டும்னு விட்டுட்டு உளியை எடுங்க. இரும்பு அறுக்கற கல் டிஸ்க்கை மரத்துக்குப் போடாதீங்க, அது அறுக்காம எரிக்கும், பக்கவாட்டுல லேசா முறுக்கு விழுந்தாலும் உடைஞ்சு சிதறும். பல் வெச்ச குட்டி வட்ட ரம்பம்னா அதுல எழுதியிருக்கற உச்ச வேகத்துக்கு மேல போகக்கூடாது, ரெண்டு கையாலயும் பிடிங்க. என்னைக் கேட்டா பிளக்குக்கு மெல்லிசான கைரம்பமே போதும், அரை நிமிஷ வேலை.

பிளக்கைச் சுத்தி இடைவெளி தெரியுது

மட்டம் எடுத்த பிறகுதான் இது கண்ணுல படும், ஆனா கோளாறு துளை போடும்போதே நடந்துடுச்சு. கடையில பிளக் கட்டர் முக்கால்வாசி இஞ்ச் கணக்குல வருது, டிரில் பிட்டு மில்லிமீட்டர் கணக்குல வருது. 3/8 இஞ்ச்னா 9.5 மில்லிமீட்டர், அதுக்கு 10 மில்லிமீட்டர் பிட்டுல துளை போட்டா அரை மில்லிமீட்டர் இடைவெளி நிச்சயம். அரை இஞ்ச்னா 12.7, அது 12 துளைக்குள்ள போகாது, அடிச்சு இறக்குனா பலகை வெடிக்கும். கட்டரும் டிரில்லும் ஒரே கணக்குல சேத்து வாங்குங்க, வாங்கும்போதே ஒரு துண்டு மரத்துல போட்டுப் பாருங்க.

இரும்புக்குப் போடற டிரில் பிட்டுல துளை போட்டா நுனி வழுக்கி துளை கோழிமுட்டை மாதிரி ஆகும். நடுவுல கூர்முனையும் ஓரத்துல வெட்டும் இருக்கற மர பிட்டுதான் போடணும். ஏற்கெனவே இடைவெளி விழுந்திருந்தா அதே மரத்தோட நைஸ் தூளை பசையில குழைச்சு அழுத்தி நிரப்பலாம், மெல்லிய கோடுன்னா மறையும், அரை மில்லிமீட்டருக்கு மறையாது. அதுக்கு துளையை அடுத்த அளவுக்குப் பெருசாக்கி பெரிய பிளக் போடறதுதான் மரியாதையான வேலை.

அன்னைக்கு மட்டமா இருந்துச்சு, இப்ப தூக்கிட்டு நிக்குது

கீழக்கரையில ஒரு வீட்டுல உள்கதவுச் சட்டம் காட்டுனாங்க, காக்கா (அண்ணே) நீங்களே தடவிப் பாருங்கன்னு. மார்கழியில அடிச்ச பிளக், ஆடி மாசம் பாக்கறேன், எட்டு பிளக்கும் நகம் தட்டற அளவுக்கு மேல நின்னுச்சு, பாலிஷ் வட்டமா வெடிச்சிருந்துச்சு. நல்ல பசை, நல்ல தேக்கு. பிளக் தலையைப் பாத்தா கோடு கோடா ரேகை இல்ல, புள்ளி புள்ளியா துவாரம். அதாவது டோவல்ங்கற உருட்டுக் குச்சியைக் குறுக்கே துண்டு போட்டு அடிச்சிருக்காங்க.

மரம் காய்ஞ்சா அகலத்துல சுருங்கும், நீளத்துல சுருங்காதுன்னே சொல்லலாம். டோவல் துண்டுல நார் நெட்டுக்குத்தா நிக்குது, அதனால அது உயரம் குறையாது, சுத்தி இருக்கற பலகை மழைக்காலத்து ஈரத்துல உப்பி இருந்தது கச்சான் காத்துல (மேல்காத்து) காய்ஞ்சு கனம் குறைஞ்சுடுது, பிளக் மேல நிக்கற மாதிரி ஆகுது. ஐப்பசி கார்த்திகையில பலகை திரும்ப உப்பும்போது அதே பிளக் உள்ள இறங்கின மாதிரி தெரியும். ஒவ்வொரு வருஷமும் இது நடந்துட்டே இருக்கும், ரோட்டரி டூல் வெச்சு எத்தனை தடவை எடுத்தாலும் தீராது. பலகையோட மேல் முகத்துலேர்ந்து பிளக் கட்டர் வெச்சு வெட்டுன பிளக்தான் பலகையோட சேந்து சுருங்கி சேந்து உப்பும். முடிஞ்சா மிச்சம் விழுந்த அதே பலகைத் துண்டுலேர்ந்தே வெட்டுங்க, நிறமும் ஒத்துப்போகும்.

தலையில ரேகை சரியாத்தான் ஓடுது, ஆனாலும் தூக்குதுன்னா உள்ள இருக்கற ஸ்க்ரூவைச் சந்தேகப்படுங்க. இரும்பு துருப்பிடிச்சா பருமன் கூடும், அது பிளக்கை அடியிலேர்ந்து தள்ளும். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி ரெண்டு பக்கமும் கடல் இருக்கற ஊர்ல ஜிங்க் பூச்சு ஸ்க்ரூவெல்லாம் ரொம்ப நாள் தாங்காது. ஸ்டெயின்லெஸ்ல 316 ரகம் கேட்டு வாங்குங்க, 304-ம் பரவாயில்ல ஆனா உப்புல பழுப்புப் புள்ளி விழும், 316-ல மாலிப்டினம் சேத்திருக்கறதால உப்பைத் தாங்கும். வீட்டுக்குள்ளன்னா பித்தளையும் நல்லது, ஆனா தலை முறியும், அதனால அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதல்ல ஏத்தி இறக்கி வழி பண்ணிட்டு அப்புறம் பித்தளையை ஏத்துங்க.

நாள் போய் தூக்காம, ரெண்டு நாள்லயே உள்ள இறங்கிடுச்சுன்னா விஷயம் வேற. பசை காயறதுக்குள்ள மட்டம் எடுத்திருக்கீங்க. பெவிகால்ல தண்ணி இருக்கு, பிளக் அதைக் குடிச்சு உப்பியிருக்கும், அந்த நேரத்துல சீவிட்டா காய்ஞ்ச பிறகு சுருங்கி கீழ போயிடும். 24 மணி நேரம் விடுங்க, மழைக்காலத்துல இன்னும் ஒரு நாள் சேத்து.

அடிச்ச பிளக் முழுசா இறங்காம ரப்பர் மாதிரி திரும்ப எழும்புதுன்னா துளைக்குள்ள பசை குளம் கட்டி நிக்குது, போக வழியில்ல. துளையோட சுவர்ல மட்டும் குச்சியால பூசுங்க, அடியில ஊத்தாதீங்க. தேக்குன்னா பூசறதுக்கு முன்னாடி தின்னர் தொட்ட துணியால துளையையும் பிளக்கையும் துடைச்சு எண்ணெய்ப்பசையை எடுங்க. பிளக் உள்ள இறங்கற ஆழம் 6 மில்லிமீட்டராவது இருக்கணும், அதுக்குக் குறைஞ்சா பில்லை மாதிரி உதிரும்.

பிளக்கைச் சுத்தி கருநீலக் கறை

பாலிஷுக்கு அடியில மை சிந்துன மாதிரி பரவும். மரத்துல இருக்கற டானினும் இரும்பும் ஈரமும் சேந்தா இந்த நிறம் வரும், கருவேலத்துல ரொம்ப வரும். உப்புத்தாள் போட்டா போகாது, உள்ளேயே ஊறியிருக்கும். ஆக்சாலிக் ஆசிடைத் தண்ணியில கரைச்சு பிளாஸ்டிக் கிண்ணத்துல வெச்சு பிரஷ்ல தடவுனா கறை வெளுக்கும், அப்புறம் நல்லா கழுவிக் காயவிடணும். அது விஷம், கையுறை போடுங்க, காய்ஞ்ச பிறகு தேய்ச்சு தூளை மூச்சுல இழுக்காதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. ஸ்க்ரூ மாத்தாம கறையை மட்டும் எடுத்தா அடுத்த மழைக்கு திரும்ப வரும்.

இதே மாதிரி வெள்ளையா வட்டம் தெரிஞ்சா அது பசை, வழிஞ்சதை ஈரத்துணியால பரப்பி விட்டிருப்பீங்க, மரம் அதைக் குடிச்சுட்டு பாலிஷைக் குடிக்க மாட்டேங்குது. வழிஞ்ச பசையைத் தொடாம விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால உரிச்சு எடுங்க.

கெட்டுப்போன பிளக்கை எடுக்கறது

உளி வெச்சு நோண்டாதீங்க, துளை ஓரம் போயிடும். பிளக்கோட நடுவுல 3 மில்லிமீட்டர் பிட்டுல துளை போடுங்க, அடியில ஸ்க்ரூ தலை தட்டுன உடனே நிறுத்திடுங்க. அந்தத் துளைக்குள்ள ஒரு மர ஸ்க்ரூவை கைத்திருப்புளியால ஏத்துங்க. நுனி அடியில இருக்கற ஸ்க்ரூ தலையைத் தொட்டதும் மேல போக இடமில்லாம பிளக்கையே மேல தூக்கிக் கொண்டுவரும், சில நேரம் முழுசா வரும், சில நேரம் ரெண்டா பிளந்து வரும், ரெண்டும் நல்லதுதான். அடியில இருக்கற ஸ்க்ரூவோட நட்சத்திரக் குழிக்குள்ள பசை அடைச்சிருந்தா ரோட்டரி டூல்ல சின்ன முனை மாட்டி மெதுவா சுரண்டி எடுங்க, இந்த வேலைக்கு அதுக்கு நிகரா எதுவும் இல்ல.

படகுல கழட்டி மாட்டற பலகைன்னா திரும்ப அடிக்கற பிளக்குக்குப் பசையே போடாதீங்க, வார்னிஷ்ல தோச்சு அடிங்க. தண்ணி உள்ள போகாது, பிடிச்சும் நிக்கும், அடுத்த தடைக்காலத்துல அந்தப் பலகையைக் கழட்டப்போறவரு துளை ஓரம் பேராம பிளக்கை எடுத்துக்குவாரு. பசை போட வேண்டிய இடம்னா பழைய பசையை துளைச் சுவர்லேர்ந்து சுரண்டிட்டு, ஸ்க்ரூவை மாத்திட்டு, ரேகை பாத்து அடிச்சு ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் மெஷினை எடுங்க.